வீடியோ பார்த்து எண்டோஸ்கோபி பழக முடியுமா?

நைட்டூட்டி:
எங்கள் துறையில் புது ஏற்பாடு. டிஎம் (இரைப்பை, குடல் மருத்துவ மேற்படிப்பு) முதல் வருடக்காரர்கள் 6 வார ஆன்லைன் பாடத்தை முடித்து, அதில் ஒரு தேர்வும் எழுதித் தேறினால்தான் ஸ்கோப்பை, அதாவது வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயை, தொடலாமாம். வீடியோ, கேள்வி பதில், படத்தைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது, இப்படி. 2 வாரம் முடித்துவிட்டேன். உருப்படியான வேலைதானா, இல்லை சும்மா நேரத்தை ஓட்டுகிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரைசர்ஜன்:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. இடது கைப் பெருவிரல் பெரிய சக்கரத்தை உருட்டி நுனியை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், மற்ற விரல்கள் காற்று, தண்ணீர், சக்ஷன் பட்டன்களைக் கவனிக்க வேண்டும், வலது கை குழாயை முறுக்கிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும், கண் மானிட்டரில் இருக்க வேண்டும், அதுவும் நோயாளி ஓங்கரித்துக்கொண்டிருக்கும்போது. கொலோனோஸ்கோபியில் (பெருங்குடலைப் பார்ப்பது) சிக்மாய்டில், அதாவது பெருங்குடலின் வளைந்த கடைசிப் பகுதியில், குழாய் சுருண்டு லூப் விழுந்துவிட்டால் நாம் தள்ளத் தள்ள நுனி பின்னால் வரும். அப்போது வலது கையில் ஓர் இறுக்கம் தெரியும் பாருங்கள், அதுதான் வாத்தியார். அந்த இறுக்கத்தை எந்த வீடியோ காட்டும்?

வளைகுழாய்:
சுரைக்காய் எத்தனையாவது பதிலில் வரும் என்று பார்த்தேன், முதல் பதிலிலேயே வந்துவிட்டது :) சார், கைவேலை ஆன்லைனில் வராது, அதில் சண்டையே இல்லை. ஆனால் இதில் பாதி கண்வேலை. ஜப்பானின் கென்ஷி யாவோ குழு 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பல நாட்டு எண்டோஸ்கோபி மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றைக் கண்டறியும் ஆன்லைன் பாடம் கொடுத்தார்கள். பிற்பாடு வைத்த தேர்வில் அந்தப் பிரிவுதான் அதிகம் முன்னேறியிருந்தது. ஆரம்பப் புற்று என்றால் லேசான நிறமாற்றம், இல்லாவிட்டால் சின்னதாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், 3 வருடத்தில் எத்தனை ஆரம்பப் புற்றைப் பார்த்துவிட முடியும்? லாஸ் ஏஞ்சலஸ் கிரேடு, ஃபாரஸ்ட், பாரிஸ் என்று புண்ணையும் கட்டியையும் தரம்பிரிக்கும் வகைப்பாடு எல்லாவற்றையும் நோயாளி படுத்திருக்கும்போதுதான் சொல்லித்தர வேண்டுமா?

மதுரைசர்ஜன்:
அந்தத் தேர்வும் கம்ப்யூட்டர் முன்னால்தானே? நுரையைக் கழுவி, சளியை உறிஞ்சி, நல்ல கோணத்தில் எவரோ எடுத்துக் கொடுத்த படம் அது. ஃபண்டஸை, அதாவது இரைப்பையின் மேல்பகுதியை, பார்க்க ஸ்கோப்பை ஜே மாதிரித் திருப்பத் தெரியாதவன் கண்ணில் அங்கே இருக்கும் புற்று எப்படிப் படும்? ஆன்லைனை விடுங்கள், நோயாளி இல்லாமல் கணினியில் ஸ்கோப் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரையே எடுத்துக்கொள்வோம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2018 மறுபார்வை 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆரம்பத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக வைக்கப் போதிய ஆதாரமில்லை என்றுதான் சொன்னது.

எண்டோஅக்கா:
நான் டாக்டர் இல்லை, 18 வருடமாக எண்டோஸ்கோபி அறையில் நர்ஸ். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பெரிய டாக்டர் "டிப் அப், கிளாக்வைஸ் டார்க்" (நுனியை மேலே தூக்கு, குழாயை வலப்பக்கம் முறுக்கு) என்று சத்தம் போடுவார், புதிய டாக்டருக்கு அது என்னவென்று புரிவதற்குள் கை நின்றுவிடும். காது கேட்டால் கை ஓடாது, கை ஓடினால் காது கேட்காது. பாடம் முடித்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை முன்னாலேயே தெரிகிறது, பாதித் திட்டு மிச்சம். ஆனால் ஒன்று, அவர்கள் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. நோயாளியின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்குவதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடியோவில் நோயாளிக்கு முகம் இல்லையே.

மூணாம்வருஷம்:
எல்லோரும் நல்லதையே பேசுகிறீர்கள், நடப்பது வேறு. நான் இருக்கும் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆன்லைன் பாடம் வந்த பிறகு எங்களுக்கு விடும் கேஸ் குறைந்துவிட்டது. கேட்டால் "அதான் வீடியோ பார்த்தாயே" என்கிறார்கள். சிமுலேட்டருக்குத் திறப்பு விழாவெல்லாம் நடந்தது, இப்போது அறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. பாடம் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதைச் சாக்காக வைத்துக் கையைக் கட்டுகிறார்களே, அதுதான்.

வளைகுழாய்:
இதுதான் உண்மையான பிரச்சினை. எந்தப் பாடமும் கேஸ் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இல்லை. அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கமான ஏஎஸ்ஜிஇ, மேல் எண்டோஸ்கோபி 130, கொலோனோஸ்கோபி 275 செய்த பிறகுதான் ஆள் தேறினாரா என்று பார்க்கவே சொல்கிறது. அங்கே சர்ஜன்களுக்கான எஃப்இஎஸ் என்ற எண்டோஸ்கோபி அடிப்படைப் பயிற்சித் திட்டத்திலும் பாடம் மட்டும்தான் இணையத்தில், பிறகு சிமுலேட்டரில் 5 வேலையை நேரில் செய்துகாட்ட வேண்டும், லூப்பை அவிழ்ப்பதும் அதில் ஒன்று. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பிரிட்டனில் இருக்கிறேன். 2020இல் கோவிட் உச்சத்தில் இங்கே எண்டோஸ்கோபி வழக்கத்தில் சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது, பயிற்சி நின்றது, வெபினார் மட்டும் குவிந்தது. அந்தச் சமயத்தில் என்னிடம் பயின்றவர்களுக்கு வகைப்பாடெல்லாம் தலைகீழ்ப் பாடம், கொலோனோஸ்கோபியில் சீக்கத்தை, அதாவது பெருங்குடலின் தொடக்கப் பகுதியை, எட்டத்தான் திணறினார்கள்.

மதுரைசர்ஜன்:
அப்படி வாருங்கள் வழிக்கு. சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். குடலுக்குள் குழாய் எப்படி வளைகிறது என்று காட்டும் மேக்னட்டிக் இமேஜர் படத்தோடு ஒரு லூப் வீடியோ போன மாதம் பார்த்தேன். அந்த இறுக்கம் ஏன் வருகிறது என்று நான் படித்த காலத்தில் யாரும் இப்படிக் காட்டியிருந்தால் பல நோயாளிகளுக்கு வலி மிச்சமாகியிருக்கும். ஆனால் பாடம் முடித்த அந்த வாரமே கையில் ஸ்கோப் கொடுக்க வேண்டும், 2 மாதம் கழித்து இல்லை.

நைட்டூட்டி:
சரி, மீதி 4 வாரத்தையும் முடிக்கிறேன். அதுவரை கை சும்மா இருக்க வேண்டாமே, கழுவி உலரத் தொங்கவிட்டிருக்கும் ஸ்கோப்பைத் தினமும் பத்து நிமிடம் பிடித்துச் சக்கரம் உருட்டிப் பழகலாம் என்றிருக்கிறேன்.

எண்டோஅக்கா:
அதை மட்டும் தொட்டுவிடாதே தம்பி, திரும்ப முதலிலிருந்து நாங்கள்தான் கழுவ வேண்டும். அலமாரியில் பழுதான பழைய ஸ்கோப் ஏதாவது கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்.