லைன் சூப்பர்வைசர் ஆயிட்டேன், சீனியர் டெய்லர்கிட்ட எப்படி வேலை சொல்றது?

செக்கிங்தம்பி: திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்ல செக்கிங்ல இருந்த என்னைய லைன் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க, பிளாட்லாக் (பனியன் மடிப்பு தைக்கற மிஷின்) ஓட்டற அண்ணன் ஒருத்தர் ரொம்ப சீனியர், பாட்டம் மடிப்புல தையல் விடுது, சொன்னா "நேத்து வந்த பையன் நீ"ங்கறார், ஒடிசா பசங்க வேற சிரிக்கறாங்க. மேனேஜர் மணிக்கு மணி புரொடக்‌ஷன் கேட்டு உயிர எடுக்கறார். என்னங்க பண்றது?

பழையகட்டிங்: லைன் நடுவுல நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னா யாருங்க கேப்பாங்க? டீ டைம்ல தனியா பீஸைக் கையில குடுத்து "அண்ணா, இது ஊசி கோளாறா லூப்பரா, நீங்களே பாருங்க"ன்னு கேளுங்க (லூப்பர்னா மிஷின்ல அடிநூலைக் கோக்கற கொக்கி). தையல் விடறதுக்கு பாதி நேரம் மழுங்குன ஊசிதான் காரணம், நாம ஆளைத் திட்டிட்டு இருப்போம்.

குவாலிட்டிஅக்கா: சரிதான், ஆனா ரொம்ப கெஞ்சவும் வேணாம் தம்பி. ஊசி மாத்தியும் அப்படியே வந்துச்சுன்னா "ஆல்டர் பீஸ், பிரிச்சுத் தைக்க உங்ககிட்டயேதான் திரும்பி வரும்"னு நேராச் சொல்லிடு. ஒடிசா பசங்களுக்கு இந்தில நாலு வார்த்தை பேசு, சரியான பீஸ் ஒண்ணு தப்பான பீஸ் ஒண்ணு மிஷின்கிட்ட தொங்கவிடு, பாத்தாலே புரிஞ்சுக்குவாங்க.

செக்கிங்தம்பி: சரிங்க்கா. மேனேஜருக்கு?

பழையகட்டிங்: அவர் கேக்கறதுக்கு முன்னாடி போர்டுல எழுதிடுங்க. மிஷின் நின்ன நேரத்தையும் சேத்து எழுதோணும், அத விட்டுட்டுத்தான் பாதி பேரு திட்டு வாங்கறாங்க.