புதுப்பிப்பு: சித்திரை 1க்கு ஓலைத் தோரணம் பின்னியாயிற்று

வருஷப் பிறப்புக்குக் கடைத் தோரணம் வாங்காமல் வீட்டிலேயே பின்னலாமா என்று கேட்டிருந்தேனே, பின்னிக் கட்டியும் விட்டோம். நீங்கள் சொன்னபடி தென்னங்குருத்தில் ஈர்க்கை உரித்து, ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தோம். மடிக்கும்போது ஒன்றுகூட முறியவில்லை. தோரணத்தில் வரும் ஓலைக் கிளியை மடிக்கத் தெரிந்தவர் பெரிய அத்தை மட்டும்தான். மூக்குக்கண்ணாடி இல்லாமலே விரல் ஓடுகிறது! பிள்ளைகள் கிளியை விட்டுவிட்டு ஓலைப் பாம்பு, கைக்கடிகாரம் என்று போய்விட்டார்கள். சரி, அவர்களாவது போனைத் தொடவில்லை. நடுநடுவே மாவிலை செருகி முதல் நாள் ராத்திரியே கட்டியாயிற்று. அப்புறம் கனித் தட்டு, காலையில் வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி எல்லாம் வழக்கம்போல.

எவ்வளவு ஓலை வேண்டும் என்று கேட்டவருக்கு: மூன்றரை அடி வாசலுக்கு ஒரு குருத்தே தாராளம். மிச்சத்தில் பூஜை அறைக்கும் பின்னலாம்.