புதுப்பிப்பு: உடைந்த பாலம், காவல் சம்மனசு படம் – வரைந்தது யார்?

அம்மாச்சி வீட்டுப் படத்தை வரைந்தது யார் என்று போன மாதம் கேட்டிருந்தேன்: பலகை பெயர்ந்த பாலத்தில் அக்காவும் தம்பியும், பின்னால் காவல் சம்மனசு (பிள்ளைகளைக் காக்கும் தேவதூதர்). உதவிய எல்லோருக்கும் நன்றி.

"சட்டத்தைக் கழற்றி ஓரத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. மறைந்திருந்த கீழ்மூலையில் 'லிண்ட்பெர்க்' என்று இருக்கிறது. முழுப் பெயரோ வருடமோ இல்லை. கூடவே செத்த அந்துப்பூச்சி இரண்டு! லென்ஸில் பார்த்தால் சம்மனசின் கன்னம் முழுக்கப் பொடிப்பொடி நிறப்புள்ளிகள். தூரிகை வேலை இல்லை, கல்லச்சுப் பிரதி (கல்லில் வரைந்து தாளில் அச்சடித்தது).

பெர்ன்ஹார்ட் ப்ளோக்ஹோர்ஸ்ட் என்று சொன்னவர்களுக்கு: அந்த ஜெர்மன் ஓவியர் (1825–1907) 1886இல் வரைந்தது வேறு படம். அதில் பிள்ளைகள் இருப்பது பாறை விளிம்பில், பாலமே கிடையாது. இனிமேல் தேடுபவர்கள் 'ஷுட்ஸெங்கல்' (Schutzengel – காவல் சம்மனசு) என்ற ஜெர்மன் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். பழைய அஞ்சலட்டைகள் நிறைய வருகின்றன.