மருத்துவமனையில் 152, வீட்டில் 130: எதை நம்புவது?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 58. முழங்கால் வலிக்காகச் சென்ற இடத்தில் இரத்த அழுத்தம் 152/94 இருந்ததால், மருத்துவர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். வீட்டில் மணிக்கட்டுக் கருவியில் பார்த்தால் 130-ஐத் தாண்டுவதில்லை. எந்தத் தொல்லையும் இல்லாதபோது ஆயுள் முழுவதும் மாத்திரை எதற்கு என்று கேட்டு, அவர் இன்னும் அதைத் தொடங்கவில்லை. இதை எப்படி உறுதிசெய்வது?

மறுமொழி 1:
மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுவது பலருக்கு உண்டு; ஆனால் மணிக்கட்டுக் கருவியை வைத்து அப்படி முடிவுகட்ட இயலாது, ஏனெனில் கை இதயத்தின் மட்டத்திற்குச் சற்று மேலே இருந்தாலே அளவு குறைந்து காட்டும். மேல்கையில் பட்டை சுற்றும் கருவியை வாங்குங்கள். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். காப்பி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய 5 நிமிடம் பேசாமல் அமர்ந்த பிறகு, காலையில் இருமுறையும் மாலையில் இருமுறையும் 7 நாட்கள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், வீட்டிலும் உயர் அழுத்தமே. ஐயம் நீடித்தால் 24 மணி நேரப் பதிவுக் கருவி பொருத்தும்படி கேட்கலாம்.

மறுமொழி 2:
அளவீட்டைப் பற்றிச் சொன்னது சரியே. ஆயினும் "தொல்லை இல்லை" என்பதை நான் ஒரு காரணமாகவே ஏற்கமாட்டேன். பெரும்பாலோருக்கு இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாமலே சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கிறது. சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு), பொட்டாசியம், சர்க்கரை, அத்துடன் இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை எடுக்கிறார்?

கேள்வி கேட்டவர்:
டைக்ளோஃபெனாக். சில மாதங்களாக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி, நாள்தோறும் சாப்பிடுகிறார்.

மறுமொழி 2:
அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவ்வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். வலிக்கு மாற்று மருந்து கேட்டு, அதன் பின் மீண்டும் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும்.

மறுமொழி 3:
உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதாலும், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அது உடலில் தேங்கக்கூடும் என்பதாலும், சிறுநீரகப் பரிசோதனை முடியும்வரை அந்த உப்பை வாங்க வேண்டாம். அம்லோடிபின் தொடங்கிய பின் கணுக்கால் வீங்கினால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டினால், டெல்மிசார்டான் போன்ற வேறொன்றுக்கு மாற்றித் தருவார்.