ஹம்டன் லேன் அயலவர் குழு: நிரோவின் என்கிளெக்ஸ் (அமெரிக்கத் தாதியர் அனுமதிப் பரீட்சை) கேள்விகள்

[இரவு 8.06] நிரோஷா: அக்காமார், ஒரு கேள்வியிலை மாட்டுப்பட்டு நிக்கிறன். சிறுநீரக வருத்தக்காரர், டயலிசிஸ் ஒருதரம் தவறிட்டுது. பொட்டாசியம் 6.8, கனக்கக் கூட. ஈ.சி.ஜி.யிலை ரி அலை கூரா எழும்பி நிக்குது. டொக்டர் எழுதினது நாலு: ரெசின், இன்சுலினும் டெக்ஸ்ட்ரோசும், கல்சியம் குளுக்கோனேட், ஃபியூரோசமைட். முதல் எது? இன்சுலின் எண்டு போட்டன், பிழையாம்.

[8.09] சுமதி அக்கா: கல்சியம் தான் முதல். ஆனா ஏன் எண்டு விளங்கோணும், இல்லாட்டி கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே விழுந்திடுவீர்.

[8.10] சுமதி அக்கா: கல்சியம் பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காது. இதயத் தசையை அந்தப் பொட்டாசியத்திட்டை இருந்து காப்பாத்தி வைக்கும், அவ்வளவுதான். 1–3 நிமிசத்திலை வேலை செய்யும், 30–60 நிமிசம் நிக்கும். அந்த இடைவெளியிலை இன்சுலின் பொட்டாசியத்தைக் கலத்துக்குள்ளை தள்ளும். அது தொடங்க 15–30 நிமிசம் எடுக்கும். உடம்பிலை இருந்து வெளியிலை எடுக்கிறது ரெசினும் டயலிசிசும். காப்பாத்து, உள்ளை தள்ளு, வெளியிலை எடு. இந்த ஒழுங்கிலை யோசியும்.

[8.12] ஜெயந்தி அக்கா: ஃபியூரோசமைட் சலம் போக வைக்கிற மருந்து, இங்கை சும்மா போட்ட தெரிவு. சலமே போகாத ஆளுக்கு அது என்னத்தைச் செய்யும்?

[8.13] நிரோஷா: ஈ.சி.ஜி. நோர்மலா இருந்தா?

[8.15] சுமதி அக்கா: அப்ப எடுத்த ரத்த மாதிரியையும் சந்தேகப்படு. ரூர்னிக்கேயை (ரத்தம் எடுக்கேக்கை கையிலை கட்டுற பட்டி) இறுக்கிக் கனநேரம் கட்டினாலும், கையைப் பொத்திப் பொத்தித் திறக்கச் சொன்னாலும், மெல்லிய ஊசியாலை இழுத்து ரியூப்பைக் குலுக்கினாலும் தசையிலை இருந்தோ உடைஞ்ச சிவப்பணுவிலை இருந்தோ பொட்டாசியம் வெளியிலை வந்திடும். ஆளுக்கு ஒண்டுமில்லை, ரிப்போட்டிலை மட்டும் கூட. மொனிட்டர்லை போட்டிட்டு மறுபடி ரத்தம் எடுக்கிறது.

[8.16] சுமதி அக்கா: கல்சியம் ஏத்த முன்னம் கனூலா வடிவா ஓடுதோ எண்டு பார்க்கோணும். வெளியிலை கசிஞ்சா தசை அழுகும். பைகாபனேற் போற அதே லைனிலை குடுத்தா வெள்ளையா உறைஞ்சு அடைச்சுப்போடும். டிஜொக்சின் எண்ட இதய மருந்து குடிக்கிற ஆள் எண்டு கேள்வியிலை எங்கையாவது ஒளிஞ்சிருக்குதோ எண்டும் பாரும்.

[8.18] ஜெயந்தி அக்கா: இன்சுலின் குடுத்த பிறகு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சீனி பார்க்கோணும், 4–6 மணித்தியாலத்துக்கு. வழமையான அளவு 10 யூனிட் ரெகுலர், 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லீ. சிறுநீரகம் பழுதான ஆளிலை இன்சுலின் கெதியா வெளியேறாது, டெக்ஸ்ட்ரோஸ் முடிஞ்ச பிறகும் நிண்டு சீனியை இறக்கும். பொட்டாசியம் குறைஞ்சிட்டுது எண்டு எல்லாரும் மூச்சு விடேக்கைதான் ஆள் வேர்த்து மயங்குவார்.

[8.21] ராஜன் மாமா: பிள்ளையள், பி புளொக் மோட்டர் ஓடேல்லை, மேல் டாங்கியிலை தண்ணி இல்லை. ஆராவது பாருங்கோ.

[8.22] ஜெயந்தி அக்கா: வோச்சருக்குச் சொல்லியாச்சு மாமா.

[8.23] நிரோஷா: அப்ப சீனி வருத்தத்திலை கீற்றோன் கூடி ரத்தம் அமிலமாகிற டி.கே.ஏ. வந்த ஆளுக்கு ஏன் பொட்டாசியம் குடுக்கிறம்? அங்கை ஆரம்பத்திலை கூடத்தானே இருக்கும்?

[8.26] சுமதி அக்கா: ரத்தத்திலை கூட, உடம்பிலை குறைவு. இன்சுலின் இல்லாததாலை பொட்டாசியம் கலத்தை விட்டு வெளியிலை வந்து நிக்குது, சலத்தோடை கனக்கப் போயும் முடிஞ்சுது. இன்சுலின் போட்ட உடனை மிச்சமிருக்கிறது உள்ளை ஓடும், ரத்தத்திலை வெறுமையாகும். அதாலைதான் பொட்டாசியத்தைப் பார்க்காமல் இன்சுலின் தொடங்கக் கூடாது. 3.3க்குக் கீழை எண்டால் இன்சுலினை நிப்பாட்டி வைச்சு முதல் பொட்டாசியம். 2024இல் வந்த வழிகாட்டல் அதை 3.5 ஆக்கியிருக்கு. பழைய புத்தகத்திலை படிச்சனீர் எண்டால் இரண்டையும் தெரிஞ்சு வைச்சிரும்.

[8.28] ஜெயந்தி அக்கா: பொட்டாசியம் எண்டதும் ஞாபகம்: நேரா ஊசியாலை தள்ளுறது ஒருநாளும் இல்லை, தசையிலை போடுறதும் இல்லை. கை நரம்பிலை மணித்தியாலத்துக்கு 10 மி.மோல், பம்பிலை. சலம் மணித்தியாலத்துக்கு 30 மி.லீ. போகுதோ எண்டு முதல் பார்த்திட்டு. தொங்கிற பையிலை ஊசியாலை சேர்க்கவும் கூடாது. பொட்டாசியம் பாரமானது, அடியிலை தங்கி முதல் போறது முழுக்க அதுவாய் இருக்கும். கழட்டி, சேர்த்து, நாலைஞ்சு தரம் தலைகீழாப் புரட்டிப் பிறகுதான் கொழுவிறது.

[8.33] பவித்திரா: நிரோ, கணக்கு ஒண்டு தாறன், செய். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் 25,000 யூனிட் 250 மி.லீ.யிலை. கட்டளை கிலோவுக்கு மணித்தியாலம் 18 யூனிட். நிறை 154. பம்பிலை மணித்தியாலத்துக்கு எத்தனை மி.லீ.?

[8.36] நிரோஷா: 18 × 154 = 2772. 1 மி.லீ.யிலை 100 யூனிட். 27.7 மி.லீ.

[8.37] பவித்திரா: பிழை 😄 154 இறாத்தல். நான் வேணுமெண்டுதான் அலகை விட்டனான். அமெரிக்கக் கேள்வியிலை அலகு இருக்கும், ஆனா கண் தாண்டிப் போயிடும்.

[8.38] நிரோஷா: ஐயோ. 154 ÷ 2.2 = 70 கிலோ. 1260 யூனிட். 12.6 மி.லீ.

[8.39] பவித்திரா: சரி. முதல் சொன்னது இரண்டு மடங்குக்கும் கூட, ஆளுக்கு ரத்தம் ஓடியிருக்கும். மாத்து மருந்து புரோட்டமின். இடையிலை தசமத்தை வெட்டாதை, கடைசியிலை மட்டும்தான் வெட்டிறது.

[8.41] பவித்திரா: துளிக் கணக்கும் அப்பிடித்தான். 1000 மி.லீ. 8 மணித்தியாலத்திலை, அதாவது மணித்தியாலத்துக்கு 125 மி.லீ. எங்கடை சேலைன் செட் 1 மி.லீ.க்கு 20 துளி எண்டபடியா 3ஆலை பிரிச்சு நிமிசத்துக்கு 42 துளி எண்டு விரல் நுனியிலை வரும். அமெரிக்காவிலை 15 துளிச் செட்டும் 10 துளிச் செட்டும் வரும். 15 எண்டால் 4ஆலை பிரி, 31. 10 எண்டால் 6ஆலை, 21. கேள்வியிலை செட் என்ன எண்டு பார்க்காமல் 42 எழுதினா முடிஞ்சுது.

[8.44] நிரோஷா: மருந்துப் பேருகளும் தலையைச் சுத்துது.

[8.46] சுமதி அக்கா: ஒரு கொப்பியிலை இரண்டு நிரலா எழுதி வையும். பரசிற்றமோல் அங்கை அசெற்றமினோஃபென். சல்பியூற்றமோல், அல்பியூற்றரோல். அட்ரினலின், எபினெஃப்ரின். பெதிடின், மெபெரிடின். கிளிபென்கிளமைட், கிளைபியூரைட். பரீட்சையிலை கொம்பனிப் பேர் வராது. பனடோல் எண்டு தேடினா கிடையாது.

[8.49] ராஜன் மாமா: மோட்டர் ஓடுது, நன்றி. இதையும் கேக்கிறன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆக்கள் கீரையே தொடக்கூடாதெண்டு சொல்லினம், சரியோ?

[8.52] சுமதி அக்கா: இல்லை மாமா. கங்குன், முருங்கையிலை எல்லாத்திலையும் வைற்றமின் கே இருக்குது, அது மருந்தின்ரை வேலையைக் குறைக்கும். ஆனா விடத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை ஒரே அளவாச் சாப்பிடோணும். ஒரு மாதம் விட்டிட்டு ஒரு நாள் கட்டுக் கீரை சாப்பிட்டாத்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையிற வேகத்தைக் காட்டுற அளவு) ஆடும். மலம் கறுப்பாப் போனாலோ முரசாலை ரத்தம் வந்தாலோ உடனை டொக்டரிட்டைப் போறது.

[8.53] ஜெயந்தி அக்கா: நிரோ, இது அப்பிடியே பரீட்சைக் கேள்வி. “எல்லாக் கீரையையும் விட்டிட்டன்” எண்டு நோயாளி சொன்னா அவருக்கு இன்னும் படிப்பிக்கோணும் எண்டதுதான் விடை.

[8.56] நிரோஷா: வேலை பிரிச்சுக் குடுக்கிற கேள்வியளிலைதான் கனக்கப் பிழை வருது.

[8.59] ஜெயந்தி அக்கா: எங்கடை வாட்டை மறந்திடும், அங்கை வேலை வேறை மாதிரிப் பிரிஞ்சிருக்குது. உதவியாளருக்குக் குடுக்கக் கூடியது: நிலையான ஆளின்ரை பிரசர் பார்க்கிறது, குளிப்பாட்டிறது, நடத்திக் கொண்டுபோறது. சாப்பாடு தீத்தலாம், ஆனா பக்கவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுறவருக்கு இல்லை. முதல் தரம் பார்த்து மதிப்பிடுறது, படிப்பிக்கிறது, மருந்து வேலை செய்துதோ எண்டு தீர்மானிக்கிறது மூண்டும் உம்மடை வேலை. ரத்தம் ஏத்தத் தொடங்கின முதல் 15 நிமிசமும் நீர்தான் பக்கத்திலை நிக்கோணும்.

[9.02] பவித்திரா: அதிலை ஒண்டு: ரத்தம் ஏத்தேக்கை நடுக்கமும் முதுகு நோவும் எண்டால் முதல் நிப்பாட்டு. பிறகு குழாயை முழுக்க மாத்திப் புதுக் குழாயிலை சேலைன். பழைய குழாயிலையே சேலைனைத் திறந்தா உள்ளை நிக்கிற ரத்தம் ஆளுக்குள்ளைதான் போகும். பையையும் குழாயையும் எறியாதை, இரத்த வங்கிக்கு அனுப்போணும்.

[9.04] நிரோஷா: பொருந்துற எல்லாத்தையும் தெரிவு செய்யிற கேள்வியிலை சந்தேகமானதையும் சேர்த்துப் போடலாமோ?

[9.06] பவித்திரா: 2023 ஏப்ரலிலை முறை மாறினது. சரிக்கு ஒரு புள்ளி கூடும், பிழைக்கு ஒண்டு குறையும், பூச்சியத்துக்குக் கீழை போகாது. ஐந்து சரியிலை மூண்டைப் பிடிச்சாலும் மூண்டு புள்ளி இருக்கு. நாலாவதா ஒரு ஊகத்தைப் போட்டுப் பிழைச்சா இரண்டு.

[9.07] ஜெயந்தி அக்கா: கேள்வி 85க்கும் 150க்கும் இடையிலை எங்கையும் நிக்கும், நேரம் 5 மணித்தியாலம். 85இலை நிண்டா பாஸ் எண்டும் இல்லை, ஃபெயில் எண்டும் இல்லை.

[9.09] நிரோஷா: சரி அக்கா. இன்னும் ஒரு ஹெப்பாரின் கணக்குப் போடுங்கோ, இறாத்தலிலையே.

[9.10] பவித்திரா: 176 இறாத்தல், கிலோவுக்கு மணித்தியாலம் 16 யூனிட், அதே பை. பம்பிலை எவ்வளவு?

[9.12] நிரோஷா: 80 கிலோ. 1280 யூனிட். 12.8 மி.லீ.

[9.12] பவித்திரா: 👍