சார்ஜர் மாட்டினதிலிருந்து ராத்திரியில் மெயின் விழுது (63 ஆம்பியர், சிங்கிள் ஃபேஸ், தரைவீடு)

ஹவ்காங் வாசி
எல்லாருக்கும் வணக்கம். ஹவ்காங் பக்கம் பழைய தொடர்வீடு. அண்மையில் மின்கார் எடுத்தோம். கார் போர்ச் சுவரில் 7.4 கிலோவாட் சார்ஜர் மாட்டிக் கொடுத்தாங்க. ராத்திரி 11 மணிக்கு சார்ஜ் ஆரம்பிக்கிற மாதிரி ஆப்பில் நேரம் வச்சிருக்கேன். ஆரம்பிச்சதும் ஒண்ணும் ஆகாது. நள்ளிரவு வாக்கில், எல்லாரும் நல்லா தூங்கும்போது, வீடு மொத்தமும் இருட்டாயிடுது. எல்லா நாளும் இல்லை, வாரத்தில் ரெண்டு மூணு நாள்.

மாட்டினவரைக் கேட்டா, "மெயினை 80க்கு மாத்திடலாம், அரை மணி நேர வேலை"ன்னு சொல்றார். கூட வேலை பார்க்கிற நண்பர் மூணு ஃபேஸுக்குப் போகச் சொல்றார். சார்ஜரில் கோளாறா, வீட்டு வயரிங்கில் கோளாறா? மாமியார் இப்பவே காரை வித்துடச் சொல்றாங்க.

பாசிர் ரிஸ் அங்கிள்
தம்பி, ஜொகூரில் என் மைத்துனர் சாதாரண மூணு பின் பிளக்கில்தான் காருக்குப் போடறார். மெதுவா ஏறும், ஒண்ணும் விழாது. அதையே செஞ்சு பாருங்களேன்.

மின்பணியாளன்
அங்கிள், சிங்கப்பூரில் அதற்கு அனுமதி இல்லை. வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் கார் சார்ஜ் செய்ய இங்குள்ள டிஆர் 25 தரவிதி இடம் கொடுப்பதில்லை. காரணமும் நியாயமானதுதான். கெட்டில் நாலு நிமிஷம் ஓடி நின்றுவிடும். கார் விடியும்வரை இழுக்கும். அந்தச் சூட்டில் சாக்கெட்டின் உள்பக்கம் இளகிக் கருகும்.

ஹவ்காங் வாசி, முதலில் ஒன்று சொல்லுங்கள். விழுவது எந்த லீவர்? டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 'டி' என்று சோதனைப் பொத்தான் உள்ளது ஆர்சிசிபி, மின்கசிவு வந்தால் விழுவது. பொத்தான் இல்லாமல் 63 என்று எழுதியிருப்பது மெயின் எம்சிபி, சுமை கூடினால் விழுவது. ரெண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அன்றைக்கு வீட்டில் வேறு என்னென்ன ஓடியது என்பதும் தெரிய வேண்டும்.

ஹவ்காங் வாசி
அண்ணே, நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பொத்தான் உள்ளது நின்னுக்கிட்டுதான் இருந்தது. விழுந்தது 63 எழுதின பெரிய லீவர். சார்ஜருக்குன்னு தனியா 40 போட்ட ஒண்ணு இருக்கு, அதுவும் விழலை.

மூணு அறையிலும் ஏர்கான். மேலே ஒரு ஹீட்டர், கீழே ஒரு ஹீட்டர், ரெண்டும் தொட்டி வகை. நேத்து துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடிச்சு, மழைக்காலம் வேற.

மின்பணியாளன்
அப்படியானால் சார்ஜரில் கோளாறு இல்லை, கசிவும் இல்லை. சுமை கூடிப்போகிறது. கணக்குப் போடுங்கள்: சார்ஜர் 32 ஆம்பியர். 3 கிலோவாட் ஹீட்டர் ஒன்றுக்கு 13, ரெண்டும் ஒரே நேரத்தில் சூடேறினால் 26. ஏர்கான் மூன்றும் சேர்ந்து 10 என்று வையுங்கள். உலர்த்தி 10. ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி எல்லாம் 3, 4. கூட்டினால் 80ஐத் தாண்டுகிறது.

ஏன் ஆரம்பித்த உடனே விழவில்லை? எம்சிபிக்குள் ஒரு உலோகப் பட்டை இருக்கிறது. சூடேற ஏற வளைந்து லீவரைத் தட்டிவிடும். தரவிதிப்படி 63 ஆம்பியர் எம்சிபி 1.13 மடங்கு வரை, அதாவது 71 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கை, அதாவது 91ஐ, எட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் சில நாள் தாங்குகிறது, சில நாள் தாங்கவில்லை. காற்றுப் புகாத டிபி பாக்ஸாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும்.

80க்கு மாற்றுகிற பேச்சே வேண்டாம். அந்த 63 உள்ளே வரும் கேபிளையும் மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஃபியூசையும் காக்கிறது. எம்சிபியைப் பெரிதாக்கினால் லீவர் விழாது. அதற்குப் பதில் கேபிள் சூடாகும். வீட்டுக்கு அனுமதித்த சுமையைக் கூட்ட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளர், மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிகிற வேலையே இல்லை. அப்படிச் சொன்னவரிடம் உரிமம் இருக்கிறதா என்று எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

வளர்மதி_சிலேத்தார்
எங்க வீட்டிலும் இதே கூத்துதான் தம்பி. ஒரு காசு செலவில்லாம தீர்ந்தது. ஆப்பில் சார்ஜர் அளவை 32லிருந்து 16க்கு இறக்குங்க. நேரத்தையும் 11லிருந்து ராத்திரி 1 மணிக்குத் தள்ளுங்க. அதுக்குள்ள ஹீட்டர், உலர்த்தி எல்லாம் அடங்கிடும். எஸ்பி குழுமத்தின் வழக்கமான கட்டணம்னா பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே விலைதான், 11 மணிக்கே ஆரம்பிக்கிறதுல லாபம் ஒண்ணுமில்ல. வேற விற்பனையாளரிடம் இரவுச் சலுகைத் திட்டம் எடுத்திருந்தா மட்டும் அந்த நேரத்தைப் பார்த்து வையுங்க.

ஹவ்காங் வாசி
அக்கா, 16ல் போட்டா காலையில வேலைக்குப் போற அளவுக்கு ஏறுமா?

வளர்மதி_சிலேத்தார்
16 ஆம்பியர்னா 3.7 கிலோவாட். 1லிருந்து 7 மணி வரை போட்டா 22 யூனிட். கொஞ்சம் வீணாகிறதைக் கழிச்சாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடலாம். ஹவ்காங்கிலிருந்து துவாஸ் போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். தினமும் நூறு சதவீதம் ஏத்தணும்னு யார் சொன்னது?

கொண்டோக்காரன்
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கொண்டோவில் என் பார்க்கிங் இடத்தில் நானே சார்ஜர் மாட்டிக்கலாமா?

மின்பணியாளன்
அது பொதுச் சொத்து, நிர்வாகக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் முடியாது. தனி இழையாகக் கேளுங்கள், இங்கே கலந்தால் குழம்பும்.

ஹவ்காங் வாசி, அக்கா சொன்னதை இன்றைக்கே செய்யுங்கள். நிரந்தரத் தீர்வுக்குச் சுமை சமன்படுத்தும் வசதி உங்கள் சார்ஜரில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். மெயின் வயரைச் சுற்றி ஒரு சிடி வளையம் மாட்டுவார்கள். வீடு எவ்வளவு இழுக்கிறது என்று அது அளந்து சொல்ல, மிச்சத்தை மட்டும் சார்ஜர் எடுத்துக்கொள்ளும். ஹீட்டர் போட்டால் தானாக இறங்கும், அணைத்தால் ஏறும். 6 ஆம்பியருக்கும் கீழே போக வேண்டி வந்தால் சார்ஜ் நின்று, பிறகு தொடரும்.

மூணு ஃபேஸ் இப்போதைக்குத் தேவையில்லை. மாற்றினாலும், காருக்குள் இருக்கும் ஏசி சார்ஜர் 7 கிலோவாட்தான் என்றால் சுவரில் 22 மாட்டியும் 7தான் ஏறும்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 8 முதல் மின்வாகன மின்னூட்டச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தரைவீட்டுச் சார்ஜராக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும், பயன்படுத்தும் முன் பதிவும் செய்திருக்க வேண்டும். 80 என்று சொன்னவர் மாட்டியது என்பதால் கேட்கிறேன்: பதிவுத் தாள் கையில் இருக்கிறதா?

ஹவ்காங் வாசி
பதிவு இருக்குண்ணே, கார் வாங்கின இடத்தில் எல்லாத் தாளும் கொடுத்துட்டாங்க. 16ம், ராத்திரி 1 மணியும் வச்சதிலிருந்து ஒரு நாளும் விழலை. வேறொரு உரிமம் பெற்றவரை வரவழைச்சுப் பார்த்தோம். மூடியைக் கழட்டினதும் அவர் காட்டினது: 63க்குள் போற வயரின் நுனியில் சிவப்பு உறை கொஞ்சம் பழுப்பாகி, கண்ணாடி மாதிரி இறுகிப்போய் இருந்தது. திருகாணி லேசா தளர்ந்திருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி, புதுசா முனை எடுத்து இறுக்கினார், எம்சிபியையும் புதுசா 63க்கே மாத்தினார். சிடி வளையம் ஆர்டர் பண்ணியாச்சு.

மின்பணியாளன்
தளர்ந்த முனையும் சூட்டைக் கூட்டும், அதுவும் உங்கள் எம்சிபியைச் சீக்கிரம் தட்டியிருக்கும். 80 போட்டிருந்தால் அந்த இடத்தில்தான் புகை வந்திருக்கும்.

வளையம் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். லைவ் வயர் ஒன்றை மட்டும் சுற்றி வர வேண்டும். லைவையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று கழித்து ஆப்பில் பூஜ்ஜியம் காட்டும். வீடு சும்மா இருக்கிறது என்று நினைத்து சார்ஜரும் முழுசாக 32ஐ இழுக்கும். மாட்டி முடித்ததும் ஹீட்டரைப் போட்டு, ஆப்பில் எண் 13 வாக்கில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

ஹவ்காங் வாசி
சரிண்ணே. போர்ச்சிலிருந்து டிபி பாக்ஸ் வரைக்கும் வளையத்துக்குத் தனி வயர் இழுக்கணுமா? வரவேற்பறை ஃபால்ஸ் சீலிங்கை உடைக்கணும்னா வீட்டில் சம்மதிக்க மாட்டாங்க.

மின்பணியாளன்
மாடலைப் பொறுத்தது. சிலதில் மெல்லிய டேட்டா கேபிள் போதும், சார்ஜர் கேபிள் போன வழியிலேயே தனிக் குழாயில் வெளிச்சுவரோரமாகக் கொண்டுபோகலாம். சிலதில் வைஃபை வழியாகவே பேசிக்கொள்ளும். போர்ச்சில் சிக்னல் வருகிறதா என்று போனை வைத்து முதலில் பாருங்கள்.

பாசிர் ரிஸ் அங்கிள்
மைத்துனர்கிட்டயும் இதைச் சொல்லி வைக்கிறேன்.