புதுப்பிப்பு: மகளைப் பாங்கி முகாமுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தேனே

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள், மீத்திறன் பிள்ளைகளைக் கண்டறியும் யூகேஎம் 1, யூகேஎம் 2 சோதனைகளைத் தாண்டிவிட்டாள், பாங்கியில் இருக்கும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜீனியஸ் பிந்தார் மையத்திலிருந்து விடுமுறை முகாமுக்கு அழைப்பும் வந்துவிட்டது, நாங்களோ அதற்குள் அந்த மையத்தின் விடுதிக் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, இடைநிலைப்பள்ளிதான்) வரை யோசித்துக் குழம்பிக் கிடந்தோம்.

"கல்லூரியை இப்போது நினைக்காதீர்கள், முகாமுக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள்" என்று பினாங்கு அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அதைத்தான் செய்தோம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பாங்கி ஒன்றும் தூரமில்லை, ஆனாலும் முதல் இரண்டு இரவும் போனில் அழுகை, இவர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் பேசவே நேரமில்லை என்று வைத்துவிட்டாள்!

எதிர்பாராதது ஒன்று. பாடம் கஷ்டமாக இருக்கும், மலாய் தடுமாறும் என்றுதான் பயந்தோம், இரண்டும் பிரச்சினையே இல்லை. எப்போதும் முதலாவதாக வந்தவள் அங்கே பத்தோடு பதினொன்று, அதுதான் அவளை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து துவைக்காத துணிமூட்டையைப் பிரித்துக்கொண்டே, "அம்மா, அங்கே நான் கேள்வி கேட்டா யாரும் சிரிக்கல" என்றாள். பள்ளியில் சிரித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்லூரிக்கு இப்போதைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஆறாம் ஆண்டு முடியட்டும், அப்புறம் அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். மாமியாருக்கு மட்டும் வருத்தம், சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.